சீட்டுக் கேட்ட கடை

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பாதி டாக்டர் ஆகிவிட்டோம். சமீபத்தில் பங்காருபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், நான் இரண்டு தரம் இருமியதும் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "மூணு நாளைக்கு மூணு குடுத்தாங்க. நான் ரெண்டு போட்டேன், நின்னு போச்சு. மீதி ஒண்ணு கீது, நீ போட்டுக்கோ" என்று பாக்கு நீட்டுவது போல நீட்டினார். அது எந்தக் கிருமிக்கான மாத்திரை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கிருமிக்கும் தெரிந்திருக்காது. நான் வாங்கி, பாயசத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டேன்.

அதனால் உங்களை மட்டும் திட்டுவதற்கு இதை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். திட்டத்தான் போகிறேன், ஆனால் வரிசையில் நானும் நிற்கிறேன்.

திருப்பதியில் நான் இருக்கும் தெருவின் முனையில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. நடத்துகிறவள் சின்னப் பெண். பார்மசி படித்துவிட்டு வெள்ளைக் கோட்டோடு நிற்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்காது. கேட்டதைக் கொடுக்காமல் கேள்வி கேட்கிறவர்களை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. போன வாரம் போய் இருமல் சிரப்பு கேட்டேன்.

"எத்தனை நாளா இருமல், ஆன்ட்டி?"

"ரெண்டு நாளா."

அவள் மேஜைமேல் குனிந்து, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "போன வாரமும் ரெண்டு நாள்னுதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும்."

"உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? இருந்தா குடு. இல்லன்னா இல்லன்னு சொல்லு."

அவள் சிரப்பு தரவில்லை. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் பக்கம் தள்ளினாள். காலையில் எழுந்ததும் வருகிற சளியை அதில் கொண்டுவந்தால் பரிசோதனைக்குத் தானே அனுப்பிவைப்பதாகச் சொன்னாள். நான் அதைப் பையில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இருமல் ஆரம்பித்து அன்றோடு இருபது நாள் ஆகியிருந்தது.

இரண்டு நாள் என்பது நான் யோசித்துச் சொன்ன பொய் அல்ல. நாக்கில் தயாராக இருந்தது. அது எங்கள் வீட்டுப் பொய். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அதைச் சொல்லிக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார்கள்.

நகரிப் பக்கத்தில் தறி ஓடும் ஊர்களை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்து விசைத்தறிச் சத்தம்தான். பேசுவதென்றால் கத்த வேண்டும், அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் மெதுவாகப் பேச வராது. பஞ்சுத் தூசி எங்கும் இருக்கும். ஷெட்டிலிருந்து வருகிறவர்களின் புருவம் வெள்ளையாக இருக்கும். சோற்றில் இருக்கும், தண்ணீர்ப் பானையின் மேல் ஏடு மாதிரி மிதக்கும். எல்லோரும் இருமுவார்கள். அதற்குப் பெயர் தறி இருமல். பத்து வருஷம் தறி ஓட்டியவன் இருமவில்லை என்றால் அவன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எந்த இருமல் தூசியால் வந்தது, எந்த இருமல் வேறொன்றால் வந்தது என்று ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை. ஒரு தெருவே சேர்ந்து முட்டாளாக இருப்பதற்கு அவ்வளவு வசதியான பெயர் கிடைத்திருந்தது.

அந்த ஊரில் மருந்துக்கடை இரண்டு. ஒன்று ராசிக்காரர் கடை; கைராசி உள்ளவர் என்று பேர். அவர் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர். ஊரில் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள், அவரும் மறுத்ததில்லை. சுரமோ, பேதியோ, இருமலோ, பரீட்சைப் பயமோ, எதுவாக இருந்தாலும் அவரிடம் இருப்பது ஒரு செட்டு மாத்திரை. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று. டப்பாவிலிருந்து கையால் அள்ளி, செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொடுப்பார். வெள்ளை மாத்திரையில் தெலுங்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு மாத்திரையை நாக்கில் நனைத்து நாங்கள் பெண் பிள்ளைகள் உதட்டில் பூசிக்கொள்வோம். கடை முழுக்க ஊதுபத்தியும் வைட்டமின் மாத்திரை நாற்றமும் சேர்ந்து அடிக்கும். அவர் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். அவருடைய பெருமை முழுவதும் அதில்தான் இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

இன்னொன்று பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் இருந்த கடை. அந்த ஆள் குப்பம் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மருந்துப் படிப்பு படித்து, அந்தப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். ஊசி மருந்து, முழு அட்டை மாத்திரை எது கேட்டாலும் "சீட்டு எங்க?" என்பார். டாக்டர் எழுதிய சீட்டு. அதனால் சீட்டுக்காரர் என்று பெயர். அவர் நல்லவர், வல்லவர் என்றெல்லாம் உருகப் போவதில்லை. சிடுமூஞ்சி. நிற்கிறவர்களை நிற்க வைத்துவிட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான்கு நாள் மாத்திரையை ஒரு நாளில் நிறுத்தியவனைப் பார்த்து, "நூவு கிருமிக்கு சாப்பாடு போட்டு வளக்கறியா?" என்று தெலுங்கு கலந்து கேட்டவர். கேள்வி சரிதான். கேட்டது அவன் மாமியார் முன்னால். அந்த மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் மருந்து. மனிதர்களை எப்படிக் கையாள்வது என்று ஒரு அட்சரம் தெரியாது.

எங்கள் நைனா நான்கு தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா அதே ஷெட்டில் மேஸ்திரி. நைனாவை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான், அதனால் எங்கள் வீட்டில் உப்புக்கும் புளிக்கும்கூட அவர்தான் தீர்ப்புச் சொல்வார். நாங்கள் இருந்தது தறி முதலாளியின் லைன் வீடு. தறி போனால் வீடும் போகும். அதற்கு முந்தின வருஷம் ஒருவர் ரத்தமாகத் துப்பினார் என்று முதலாளி அன்றைக்கே நிறுத்திவிட்டார். அவர் வீட்டுப் பாத்திரங்கள் தெருவில் கிடந்ததையும், போகிற வழியில் குடிக்கத் தண்ணீர் கேட்ட அவர் மனைவிக்கு எங்கள் தெருவில் ஒருவரும் தராததையும் நான் பார்த்தேன். எங்கள் அம்மாவும் தரவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு நைனாவுக்கு இருமல் வந்தது. மாசியில் அவருடைய சட்டை தோளில் நிற்கவில்லை. சாயங்காலம் உடம்பு காயும். என் தம்பிக்கு அப்போது இரண்டரை வயது. ஷெட்டிலிருந்து நைனா வந்து படுத்ததும் அவர் மார்மேல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொள்வான். நைனா இருமினால் இவனும் மேலும் கீழும் போய்வருவான். அது அவனுக்கு விளையாட்டு. இன்னொரு தரம் இருமச் சொல்லிக் கேட்பான். நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டு அதைப் பார்த்தோம்.

ராசிக்காரர் கடையைப் பூட்டிவிட்டுக் கோயில் கோயிலாகப் போய்க் கடைசியில் திருமலையில் மொட்டை போட்டு வந்த அந்த மாதம், சிரப்புக்கு என்னைச் சீட்டுக்காரரிடம் அனுப்ப வேண்டியதாயிற்று. அம்மா கதவு வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினாள். "எத்தினி நாளான்னு கேட்டா ரெண்டு நாளுன்னு சொல்லு. யாருக்குன்னு கேட்டா எனக்குன்னு சொல்லு." சொன்னேன். கொடுத்தார். மறு வாரமும் சொன்னேன், கொடுத்தார். சிரப்பு இனிப்பாக இருக்கும், வழியில் மூடியை நக்கிக்கொண்டே வருவேன். மூன்றாவது வாரம் அவர் பாட்டிலை எடுக்கவில்லை.

"எவரிக்கி? யாருக்கு இது?"

"அம்மாவுக்கு."

"எத்தினி நாளா?"

"ரெண்டு நாளா."

"மூணு வாரமா ரெண்டு நாளேவா? உங்க நைனா தறி ஓட்றவரா? எளைச்சிட்டாரா? சாயந்திரத்துல காயுதா? சளியில ரத்தம் வருதா?"

இதையெல்லாம் கத்திக் கேட்டார். தறி ஊரில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம், ஆனால் இதைக் கத்தியிருக்கக் கூடாது. எனக்குப் பின்னால் எங்கள் லைனிலிருந்து இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த மனிதர் எங்கள் வீட்டுக்குச் செய்ய நினைத்த நல்லது முழுவதையும் அந்தத் தொண்டையாலேயே கெடுத்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். இளைத்துவிட்டார் என்பதற்கு மட்டும்தான் ஆட்டினேன், அவர் எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டார்.

அவர் உள்ளே போய், களிம்பு இருந்த ஒரு வட்டத் தகர டப்பாவை வெந்நீரில் கழுவித் துடைத்து எடுத்து வந்தார். திருகு மூடி. அதன்மேல் காகிதம் ஒட்டி நைனாவின் பெயரைக் கேட்டு எழுதினார். "காலையில எழுந்ததும் வாய் கொப்பளிச்சிட்டு, நெஞ்சுல இருந்து இருமி இதுல துப்பச் சொல்லு. கவர்மெண்டு ஆஸ்பத்திரில குடுங்க. இது தறி இருமல் கிடையாது. இதுக்கு மருந்து கீது, துன்னா சரியாப் போவும். ஆனா வீட்டுல சின்னப் பசங்க கீறாங்க இல்ல, சீக்கிரம் பாக்கணும்."

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டிருந்தது. அந்த இரண்டு பெண்களும் குறுக்கு வழியாக வந்திருந்தார்கள்.

பெரியப்பா வந்தார். அவர் வாசற்படி ஏறும்போதே வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்போம், சுவரோரமாக. அவர் முதலில் என்னை ஓர் அறை அறைந்தார். பிறகு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவனோ குப்பத்துக்காரன், நம்ம வூட்டு மேல நோவு எழுதி ஒட்டி அனுப்பறான். முதலாளி காதுக்குப் போனா இன்னா ஆவும் தெரியுமா? என் பேரும் சேந்து போவும்."

"ஒரு தபா பாத்துரலாம் அண்ணா. எனக்கும் முடியல" என்றார் நைனா.

"உன் சளியக் குடுத்து, நோவு கீதுன்னு எழுதிட்டா? நாளைக்கு எங்க போய்ப் படுப்பே?"

அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதோடு நைனாவின் வீரம் முடிந்தது.

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்தால் ஏதாவது கெட்டுப் போகும், அது அப்போது எங்களுக்குத் தெரியாது. "கேட்டுட்டான் இல்ல? குடுப்போம். ஒண்ணும் இல்லன்னு சர்க்காரே எழுதிக் குடுக்கட்டும். அந்தக் காயிதத்த அவன் மூஞ்சில காட்டுவோம்" என்றார். யார் துப்புவது என்று பேச்சு வந்தது. பெரியப்பா பீடி குடிப்பவர், அவர் மாட்டார். பெண்பிள்ளை எச்சில் வேறு மாதிரி இருக்கும், கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அம்மாவையும் தள்ளிவிட்டார். பத்து வயதுக்காரி பெண்பிள்ளைக் கணக்கில் வரமாட்டாள் போலிருக்கிறது. "கொயந்த எச்சில்ல ஒரு மாசும் இருக்காது" என்று என்னைப் பக்கத்தில் இழுத்தார். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அறைந்த அதே கை.

மாங்காய் வந்துவிட்ட நேரம். அம்மா ஒரு கிளிமூக்கு மாங்காயைக் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு என் மூக்குக்கு முன்னால் பிடித்தாள். கடிக்க விடவில்லை, பார்க்கத்தான். வாயில் நீர் ஊறி ஊறி டப்பாவில் துப்பினேன். கால் டப்பா ஆயிற்று. எல்லோரும் போதும் போதும் என்று சிரித்தார்கள். அப்புறம் மாங்காயை என்னிடம் கொடுத்தார்கள். நைனாவின் பெயர் எழுதிய டப்பா என் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது என்பதை எழுதிவைக்கிறேன். வீட்டையே நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சளி பார்க்கிறவர் டப்பாவைத் திறந்து சாய்த்துப் பார்த்தார். "வெறும் எச்சிலா கீதே. சளி இல்லியே."

"அவ்ளோதான் சார் வர்து. அவுரு நல்லாதான் கீறாரு" என்றார் பெரியப்பா.

இரண்டு நாள் கழித்து, கிருமி இல்லை என்று எழுதி முத்திரை குத்திய காகிதம் வந்தது. இருந்தால்தானே. பத்து வயதுப் பெண்ணின் மாங்காய் எச்சிலில் வேறு என்ன இருக்கும்?

அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு பெரியப்பா நேராகச் சீட்டுக்காரர் கடைக்குப் போனார். பின்னால் தெருவே போயிற்று. சாமி புறப்பாட்டுக்குக்கூட அவ்வளவு பேர் சேர்ந்ததில்லை. "படிச்சவன்னு கண்ணாடி மாட்டிக்கினு கீறியே, இத்தயும் படி" என்று மேஜைமேல் அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ராசிக்காரர்கூடத் தன் கடையை விட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் இருந்தது.

சீட்டுக்காரர் காகிதத்தைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு தடவை பாத்தா போதாது. இன்னும் ரெண்டு தடவை பாக்கணும்" என்றார். அதற்கும் சிரிப்பு. பெரியப்பா வெளியே போய்க் கூட்டத்துக்கு நடுவில் பேச ஆரம்பித்ததும், சீட்டுக்காரர் இன்னொரு டப்பாவை என் கையில் வைத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த மனிதர் மெதுவாகப் பேசிக் கேட்டேன்.

"நிஜம் செப்பு, பாப்பா. அதுல துப்பினது யாரு?"

பெரியப்பாவுக்குக் காது கேட்காத தூரம். என்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. அவர் என் உயரத்துக்குக் குனிந்திருந்தார். அவர் கையில் ஸ்பிரிட் வாசம் அடித்தது. சொல்லியிருந்தால் தீர்ந்தது.

"எங்க நைனாதான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த இரண்டாவது டப்பாவில் நான் ஹேர்பின்னும் ரிப்பன் துண்டும் போட்டு வைத்தேன். மூடி நன்றாக இறுகும். அப்புறம் வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. அதற்குப் பிறகு சீட்டுக்காரர் கடைக்கு எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. நைனா நான்கு தறியும் ஓட்டிக்கொண்டிருந்தார், இருமிக்கொண்டும் இருந்தார். சர்க்காரே தறி இருமல் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

வைகாசியில் தம்பிக்குச் சுரம் வந்தது. ராசிக்காரர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள், சின்னப் பிள்ளைக்குப் பாதிப் பாதியாக உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னார். சுரம் விட்டது, வந்தது, விட்டது. இன்னொரு செட்டு. அப்புறம் இன்னொரு செட்டு. இரண்டு வாரத்துக்கு மேல் ஓடியது. தம்பி நைனாவின் மார்மேல் ஏறுவதை நிறுத்தினான். வெளிச்சத்தைப் பார்த்தால் அழுதான். குடித்ததெல்லாம் வாந்தி. ஒரு நாள் காலையில் அம்மா அவனைத் தூக்கியபோது கழுத்து மடங்கவில்லை, ஒரு கண் மட்டும் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. பல் முளைக்கிறது, அதனால்தான் என்று ராசிக்காரர் சொன்னார். அந்தப் பேச்சுக்கு அப்புறம்தான் திருப்பதி பஸ்ஸில் ஏறினோம்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் நல்ல டாக்டர். எல்லாம் கேட்டார். "வீட்டில் யாருக்காவது ரொம்ப நாளாக இருமல் உண்டா? டிபி உண்டா?" என்று தெலுங்கில் கேட்டார். அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். பையில் வைத்தே மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. போகிற இடத்துக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தார்.

"இவன் அப்பனுக்குத்தான் சார் தறி இருமல். எல்லாம் டெஸ்டு பண்ணியாச்சு. ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

டாக்டர் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு நோய்க்கு வைத்தியத்தை ஆரம்பித்தார். அவர் வேறு என்ன செய்வார்? காகிதத்தில் முத்திரை இருந்தது.

நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காகிதம் என் எச்சில் என்று எனக்குத் தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சொல்வீர்கள். என்னைச் சமாதானப்படுத்துவதற்காகப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். சொன்னால் பெரியப்பா அடிப்பார் என்பதும் தெரியும். நான் அடிக்குப் பயந்தேன்.

நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் நைனா வார்டுக்கு வெளியே உட்கார்ந்து துண்டில் இருமிக்கொண்டிருந்ததை ஒரு நர்ஸம்மா பார்த்தார். துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். அப்புறம்தான் தம்பிக்கு வந்தது மூளைக்குப் போன காசநோய் என்று மருந்தை மாற்றினார்கள். ஏழாம் நாள் மத்தியானம் அவன் போய்விட்டான். இந்த வாக்கியத்தை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அவன் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நான்கு நாளை அவனிடமிருந்து பிடுங்கியது யார் என்று என்னால் சொல்ல முடியும்.

நைனாவுக்கு வைத்தியம் நடந்தது. ஊசி, மாத்திரை, சிவப்பாகப் போகும் சிறுநீர், எல்லாம் பார்த்து, பிழைத்து, ரொம்ப வருஷம் இருந்தார். முதலாளி தறியிலிருந்து நிறுத்தினார், வீடும் போயிற்று. எதைக் காப்பாற்றுவதற்காக அந்த நாடகத்தைப் போட்டார்களோ, அது ஒரே வாரத்தில் போயிற்று. திருப்பதிக்கு வந்து பிழைத்தோம். வீட்டில் எல்லோரும் வந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஒருவரும் போகவில்லை. நைனா அதற்குப் பிறகு எந்தக் குழந்தையையும் தூக்கியதில்லை. என் பிள்ளைகளைக்கூடத் தள்ளி நின்றுதான் பார்த்தார். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது, தாத்தாவுக்குக் கர்வம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சீட்டுக்காரரிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொன்னவர் ஊரில் ஒருவரும் இல்லை. ஊரைக் காலி செய்வதற்கு முன்னால் நான் போய்ப் பார்த்தேன். கடை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், பத்திரம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்திருந்தது. குப்பத்துக்கே போய்விட்டார் என்றார்கள். பெரியப்பா கடைசிவரைக்கும், "அந்தச் சீட்டுக்காரன் கண்ணு பட்டுதான் கொயந்த போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல சாவு செத்தார். ராசிக்காரர் செத்தபோது பஸ் நிற்கும் இடத்தில் ஆள் உயரத்துக்குப் படம் வைத்து, மக்களின் மருத்துவர் என்று போட்டிருந்தார்களாம். போட்டவர்களில் உங்களில் சிலரும் உண்டு. எனக்குப் போனில் படம் அனுப்பினீர்கள். நானும் கைகூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பினேன்.

ஒரு வாரமாக அந்தப் பிளாஸ்டிக் டப்பா என் சமையலறை ஜன்னலில் இருந்தது. டீ போடும்போதெல்லாம் கண்ணில் படும். கடுகு போட்டு வைக்கலாம் என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். பக்கத்து வீட்டு மருமகள் சனிக்கிழமை கடைக்குப் போகும்போது தன் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். இந்தச் சனிக்கிழமையும் கொண்டுவந்தாள். ஒன்றரை வயது. உட்கார்ந்திருந்த என் மார்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. எனக்கு இருமல் வந்தது. குழந்தை மேலும் கீழும் போய்வந்து சிரித்தது.

உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, தெருவில் போய்க்கொண்டிருந்த அவளிடமே கொடுத்துவிட்டேன். எனக்கு மூன்று வாரத்துக்கு மேலாக இருமல், நான் பரிசோதனை செய்துகொள்ளும் வரை கொண்டுவர வேண்டாம், குழந்தையையும் டாக்டரிடம் காட்டு என்று சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். எங்கள் தறித் தெருவில் பார்த்த அதே முகம்தான். பரவாயில்லை.

மறுநாள் காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுத்தேன். டப்பாவின் மேல் என் பெயரை எழுதினேன். கடை திறந்ததும் போனேன். அந்தப் பெண் கையுறை போட்டு வாங்கினாள்.

"எத்தனை நாளா, ஆன்ட்டி?"

"இருபத்தேழு நாளா" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் நின்ற ஆள் ஓரடி தள்ளி நின்றார்.

அவள் எழுதிக்கொண்டாள். "வீட்டுல யாருக்காவது முன்னாடி இருந்திருக்கா?"

"எங்க நைனாவுக்கு. அப்புறம் தம்பிக்கு."

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அன்றைக்குப் பேசியது போலவே மெதுவாகக் கேட்டாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதானாம். சிலர் வேறு யாருடையதையாவது கொண்டுவந்து விடுகிறார்களாம்.

"இது உங்களோடதுதானே, ஆன்ட்டி?"

"என்னோடதுதாம்மா" என்றேன். "போன தபாவும் என்னோடதுதான்."